சுவர் ஏறி வந்த ஹெட்போன்

ஓர் அலுவலகத்தின் பொருளை இன்னோர் அலுவலகம் இரவல் பெறுவதானால் எழுத்துமூலம் கோரிக்கை வேண்டும். கொடுப்பவரின் ஆணை வேண்டும். பொருளின் நிலையைக் குறித்து ஒப்புகை வேண்டும். திருப்பித் தரும் நாள் வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த விதியைப் பிறருக்கு எடுத்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். எங்கள் காம்பவுண்டுச் சுவரின் மேல் ஒரு ஹெட்போன் கைமாறியபோது இவற்றில் ஒன்றுகூடப் பின்பற்றப்படவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள், "அக்கா, இந்தாங்க" என்றாள். என் மனைவி, "குடு" என்றாள். அவ்வளவுதான் நடைமுறை.

அந்தப் பொருள் சுவரேறி வருவதற்கு முன்பே எனக்கும் அதற்கும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். இளநிலை உதவியாளராக என் பிரிவில்தான் சேர்ந்தார். நான் மணியடித்தால் எழுந்து வந்து மேஜையருகே நிற்பார். பிறகு துறைத் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தாசில்தாராக ஓய்வு பெற்றார். நான் கண்காணிப்பாளராகவே ஓய்வு பெற்றேன். விருதுநகரில் பக்கத்துப் பக்கத்து மனைகளில் வீடு கட்டினோம். அவர் வீட்டுக்கு மாடி உண்டு. எதிர்ப்பட்டால் மழையைப் பற்றிப் பேசுவோம். எங்கள் ஊரில் மழையைப் பற்றிப் பேசினால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும் என்பது இருவருக்கும் வசதியாக இருந்தது.

அவருடைய மருமகன் சென்னையிலிருந்து வாங்கி வந்த சீனச் சரக்கு அது. டிவியின் பின்னால் ஒரு சின்னப் பெட்டியைச் செருகிவிட்டால், கம்பி இல்லாமலே சத்தம் காதுக்கு வந்துவிடும். விலையும் அதிகமில்லை. காலை நேரத்தில் கீழே டிவியில் பழைய பாட்டு ஓட, இவர் மொட்டை மாடியில் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். நடுநடுவே தலையை ஆட்டுவார். ஒருநாள் நான் கீழிருந்து, "என்ன, வாக்கிங்கா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். எதிர்வீட்டுக்காரர்தான் திரும்பிப் பார்த்தார். பாட்டுக் கேட்கிறாரே என்று நான் பொறாமைப்படவில்லை. பாட்டு என்னிடமும் இருக்கிறது. நான் கூப்பிட்டால் கேட்காமல் இருக்கும் வசதி அவருக்குக் கிடைத்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அது என் வீட்டுக்குள் வந்தது. காரணம் நான் பார்க்கும் ஏழரை மணிச் செய்தி. அதே நேரத்தில் இன்னொரு சேனலில் என் மனைவிக்குப் பிடித்த தொடர் ஒன்று ஓடும். வீட்டில் டிவி ஒன்று. எட்டு மணிக்கு நான் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் அவள் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருப்பாள். அவள் தொடர் பார்க்காததில் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நஷ்டம் இருந்திருக்கிறது. மறுநாள் கதையைப் பேச அவளுக்கு ஆள் இல்லை.

"அக்கா, மாட்டிக்கிடுங்க. எங்க டிவிச் சத்தம் ஒங்க அடுப்படி வரைக்கும் வரும். நான் இங்கன பாக்கேன், நீங்க அங்கன கேளுங்க."

"ஒங்க வீட்டுக்காரக தேட மாட்டாகளா?"

"தேடட்டும். மாடியில அம்புட்டு தூரம் நடந்தும் வயிறு கொறஞ்சபாடில்லை."

அன்றைக்கே ஏழரை மணிக்கு என் மனைவி அதை மாட்டிக்கொண்டு கிரைண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கூடத்தில் செய்தி பார்த்தேன். அமைச்சர் ஒருவர் எதையோ திறந்துவைத்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்து அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆயிற்று. எழுந்து போய், "என்ன?" என்றேன். கேட்கவில்லை. தோளைத் தொட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினாள்.

"என்னங்க?"

"என்ன சிரிப்பு?"

"சொன்னா ஒங்களுக்கு வெளங்காது. மொதல்ல இருந்து சொல்லணும்."

"சொல்லேன்."

"இப்ப எப்பிடிச் சொல்ல? ஓடிக்கிட்டு இருக்குல்ல."

என் வீட்டு அடுப்படியில், என் தோசைக்கல்லின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் மனைவி அவர் வீட்டு டிவியைக் கேட்டுச் சிரிக்கிறாள். இதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. தினமும் தோசை சரியாக எட்டு மணிக்கே வந்தது. புகார் எழுதவும் முகாந்திரம் இல்லை. ஆனால் தோசையை வைத்துவிட்டு அவள் முன்பு எதிரில் உட்காருவாள். மின்கட்டணம், சம்பந்தி வீட்டு நியாயம், கால்வலி என்று ஏதாவது சொல்லுவாள். இப்போது சொல்ல வேண்டியதையெல்லாம் காலையில் சுவரருகே சொல்லிவிடுகிறாள். எனக்கு மிச்சம் சட்னி மட்டும்தான்.

நாமே ஒன்று வாங்கிவிட்டால் அவர்களுடையதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அவள் எதைக் கேட்டாலும் நம் வீட்டுப் பொருளில் கேட்கட்டும். ஆனால் வாங்கத் தகுந்ததா என்று பார்க்காமல் எதையும் வாங்கும் பழக்கம் எனக்கில்லை. கோப்பு ஒன்று திறந்தேன். முதல் வேலையாக, ஏற்கெனவே பயன்படுத்துபவரின் கருத்தைப் பெற வேண்டும். வாயால் கேட்டால் எனக்கு ஆசை என்று ஆகிவிடும். ஆடி பிறந்த மறுநாள் ஆறு கேள்விகளுடன் பக்கத்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஒலியின் தரம், எத்தனை அடி தூரம் எடுக்கிறது, பேட்டரி எத்தனை நாள், காது வலிக்கிறதா, இதுவரை பழுது உண்டா, கடைசியாக, மொத்தத்தில் வாங்கத் தகுந்ததா.

இரண்டு நாளில் தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சார், அனுப்புனரும் பெறுநரும் ஒரே சுவரா இருக்கீகளே. கைய நீட்டுனா குடுத்துரலாமே?"

"நீட்டலாம். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி?"

அவர் அடுத்த வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாதல்லவா? மூன்று விலைப்புள்ளிகள் வாங்கக் கிளம்பினேன். விருதுநகர்க் கடையில், "அந்த வீட்டு அண்ணாச்சி வச்சிருக்காகளே, அதுதானே?" என்று கேட்டார்கள். பட்டியலிலிருந்து அந்தக் கடையை உடனே நீக்கினேன். அடுத்து சிவகாசி பஸ் ஏறினேன். தீபாவளிச் சீசன் நெருங்கும் மாதம். பஸ் நிறையப் பட்டாசுக் கம்பெனிப் பெண்கள். மருந்துப் பொடியின் வெள்ளிப் பளபளப்பு கழுவிய கையிலும் நெற்றியோரத்திலும் ஒட்டியிருக்க, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டு வந்தார்கள். இவர்களுக்கெல்லாம் ராத்திரி பார்த்த தொடரைப் பேச எதிரில் ஆள் இருக்கிறது என்று அதிலும் எனக்கு ஒரு எரிச்சல்.

சிவகாசிக் கடைக்காரர் என் தலையில் அதை மாட்டி, ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார். தவில் இடது காதில் விழுந்தது. நாதஸ்வரம் வலது காதில் புறப்பட்டது. நடுவில் நான் கல்யாண மேடையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கடைக்காரரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் கடை வாசலுக்குப் போய், பட்டாசுக் கம்பெனிகள் இருக்கும் விஸ்வநத்தம் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கடைக்காரர்களும் வெளியே நின்றார்கள். நான் கழற்றினேன்.

"என்ன?"

"ஒரு சத்தம் கேட்டுச்சு அண்ணாச்சி. ஒண்ணுமில்ல, டெஸ்ட் வெடிதான். சத்தம் அடுத்தடுத்து வருதுல்ல, சாம்பிள் போட்டுப் பாக்காக." திரும்பி வந்து உட்கார்ந்தார். "இங்கன இது அவ்வளவா போகாது. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு யாரு உக்காருவா? வீட்டுக்கு ஒரு ஆள் கம்பெனியில இருக்கும்போது, கேட்டது டெஸ்டா வேறயான்னு தெரியணும்ல. அதான் வெலையைக் கொறச்சுச் சொல்லுதேன். எடுத்துக்கிடுங்க."

"எத்தனை நாள் உழைக்கும்?"

"ஆறு மாசம் ஓடும். அதுக்கு மேல ஓடுனா ஒங்க ராசி."

விலையைக் குறித்துக்கொண்டேன். வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பதில் வராமல் ஒப்பீட்டு அறிக்கை முழுமையாகாது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இரண்டு பெண்களும் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குக் கிளம்பினார்கள். மத்தியானம் போய், கூட்டத்துக்குப் பயந்து அங்கேயே தங்கி, சனிக்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடு. மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சட்னி கிண்ணத்தில் இருக்கிறது என்று எனக்கு உத்தரவு. ஹெட்போன் அடுப்படி ஆணியில் தொங்கியது.

ஏழரை மணிக்குக் கூடத்தில் செய்தி தொடங்கியது. நான் அடுப்படிக்குப் போய் அவளுடைய ஸ்டூலில் உட்கார்ந்து அதை மாட்டினேன். அந்த வீட்டில் அன்று அவர் ஒருவர்தான். கிரிக்கெட் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு பெண் அழுதாள். இன்னொரு பெண் அதட்டினாள். பிறகு தொடரின் பாட்டு. பெண்களின் கதை என்று அலுவலகத்தில் எள்ளி நகையாடிய மனிதர், தன்னந்தனியாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். நான் ஏன் மாட்டினேனோ அதற்காகத்தான்.

போன மாதக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் குறிப்பெடுத்தேன். குரல் ஒன்று: மூத்த பெண், மாமியாராக இருக்கலாம். குரல் இரண்டு: அழுபவள். குரல் மூன்று: ஆண், எதற்கும் 'பார்க்கலாம்' என்கிறான், எங்கள் துறையாக இருக்கலாம். அரை மணி நேரம் அசையவில்லை. முடிந்த பிறகுதான், பத்தடி தூரத்தில் என்னுடைய டிவி இருக்கிறது, அதே சேனல் அதிலும் வரும், படத்தோடு பார்த்திருக்கலாம் என்பது உறைத்தது. இந்தத் தவறை என்னைப்போல் நடைமுறை அறிந்தவன்தான் செய்ய முடியும். கேட்பதென்றால் அது பக்கத்து வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று எனக்குள் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டிருந்தது.

சனிக்கிழமை காலை அவள் வந்து காலைக் கழுவுவதற்குள், "மருமகள் வீட்டை விட்டுப் போய்விட்டாள்" என்றேன்.

அவள் குங்குமப் பொட்டலத்தைப் பிடித்தபடியே நின்றாள். "எவ?"

"அழுகிறவள்."

"ரெண்டு பேரு அழுவாளுகளேங்க. மூக்கால அழுதாளா, தொண்டையால அழுதாளா?"

"தொண்டை."

"ஆத்தாடி!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் தாளை வைத்துக்கொண்டு வரிசையாகச் சொன்னேன். குரல் ஒன்று மாமியார் இல்லை, நாத்தனார் என்று திருத்தினாள். அதற்காக முதலிலிருந்து கதையைச் சொன்னாள். பிரசாதம் பையிலேயே இருந்தது. காபி இரண்டு முறை போட்டோம். எத்தனை மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் இவ்வளவு நேரம் பேசினாள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

அப்போது சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அம்மாளின் தலை தெரிந்தது.

"அக்கா, தெரியுமா? அவ போகலியாம்! கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்காளாம். பெட்டி மட்டும்தான் வாசல்ல இருந்துச்சாம். எங்க வீட்டுக்காரக சொல்லுதாக!"

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க போய்ட்டான்னு சொன்னீக?"

"கதவு சாத்திய சத்தம் கேட்டது."

"அவுக படத்தையும் பாத்திருக்காகள்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து சுவரருகே போனாள். ஒரு மணி நேரமாக என் பக்கம் இருந்த பேச்சு ஒரு கதவுக்காகப் போய்விட்டது. பதவி உயர்வுப் பட்டியல் வந்த நாளில்கூட எனக்கு வயிறு அப்படி எரியவில்லை.

திங்கட்கிழமை ஏழரை மணிக்கு நான் செய்தி போடவில்லை. தொடரைப் போட்டேன். அடுப்படியில் ஹெட்போன் மாட்டியிருந்தவளுக்கு இது தெரியாது. தண்ணீர் எடுக்க வந்தவள் டிவியைப் பார்த்தாள், காதிலிருந்ததைக் கழற்றினாள், மறுபடி டிவியைப் பார்த்தாள்.

"நியூஸ் இல்லயா?"

"நாட்டுல ஒண்ணும் நடக்கல."

"தோசை?"

"எட்டேகாலுக்கு ஊத்து."

ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பெருந்தன்மையால் நான் இதைச் செய்யவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியும் கதவு என் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். இவள் யார், அவன் ஏன் முறைக்கிறான் என்று நான் கேட்க, "பேசாமப் பாருங்க, பெறகு சொல்லுதேன்" என்றாள். பிறகு சொன்னாள். புதன்கிழமை முதல் பக்கத்து வீட்டு அம்மாளும் இங்கேயே வந்துவிட்டாள். மூன்று பேருக்கும் தோசை ஒன்பது மணி ஆயிற்று. மாத்திரையும் தள்ளிப் போயிற்று. ஹெட்போன் கோப்பில், 'தேவை எழவில்லை. வாங்க வேண்டாம்' என்று எழுதி, பதில் வராததால் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தேன்.

பதில் தபாலில்தான் வந்தது. 'பொருள்', 'பார்வை' என்ற தலைப்புகள் எல்லாம் முறைப்படி இருந்தன. முதல் ஐந்து கேள்விகளுக்கும் சுருக்கமான விடை: ஒலி திருப்தி, தூரம் போதுமானது, பேட்டரி ஒரு வாரம், காது வலி இல்லை, பழுது இல்லை. ஆறாவது, வாங்கத் தகுந்ததா என்ற கேள்விக்கு, பச்சை மையில் எழுதியிருந்தார்: 'மேற்படி கருவி தங்கள் இல்லத்தில் உள்ளது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லக்கூடிய இருவரும் மாலை ஏழரை மணி முதல் தங்கள் இல்லத்திலேயே உள்ளனர். இங்கு நான் ஒருவன் மட்டுமே இருப்பதால், இக்கேள்விக்கு விடையளிக்கும் நிலையில் தாங்களே இருக்கிறீர்கள் எனத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

இரண்டு முறை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினேன். "பாவம், அவுகளையும் வரச் சொல்லுங்க" என்றாள். முறைப்படி பதில் எழுதித்தான் அழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கோப்பில் கையெழுத்திட்டு, கடிதத்தின் மூலையில் வந்து சேர்ந்த நாளைக் குறித்தேன்: ஆவணி ஒன்பது, வியாழக்கிழமை.