நாரணாபுரத்து டிராக்டருக்கு ஒரு சைலன்சர்

காலை ஏழே கால். சிவகாசியில் விருதுநகர் பேருந்து ஏறினேன். டிக்கெட் ஒன்பது ரூபாய். பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, பாக்கி வரும்வரை நடத்துநரின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனைக்குட்டம் விலக்கு தாண்டிய பிறகுதான் கொடுத்தார். என் சுபாவம் அப்படி. இருபது வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பொய்களைக் கேட்டால் உங்களுக்கும் அப்படித்தான் ஆகும்.

போன காரியம் இது. சிவகாசிக்குப் பக்கத்து நாரணாபுரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் கொய்யாத் தோட்டம். மர வரிசைகளுக்கு நடுவே உழ ஒரு பழைய குட்டி டிராக்டர் வைத்திருக்கிறேன். அதன் சைலன்சர் இற்றுப்போய்ப் பொறி கக்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசு ஆபீஸ்; தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதன் போர்மேன் வந்து, "டீச்சர், சைலன்சர் மாத்துற வரைக்கும் வண்டியத் தொடாதீக. உள்ள அறுபது பேரு இருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும். கையில் இருந்தது இரண்டாயிரம் ரூபாய்.

எட்டரை மணி, விருதுநகர். கம்பெனி சாமான் விற்கும் கடையில் புதுசு நாலாயிரத்து இருநூறு என்றார்கள். அதுவும் வரவழைக்கப் பதினைந்து நாளாகுமாம். வெளியே நின்ற ஆட்டோக்காரர், "பழசு கிடைக்கிற இடம் தெரியும், ஏறுங்கக்கா, முப்பது ரூவா" என்றார். கேட்காமலே உதவி வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"கடைக்காரரு உங்களுக்கு எம்புட்டுக் கொடுப்பாரு?"

"ஒரு டீ வாங்கித் தருவாரு" என்று சிரித்தார். நான் நம்பவில்லை. வேறு வழியில்லாமல் ஏறினேன்.

மதுரை ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு காயலான் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கன்னங்கரேல் என்று மின்னும் ஒரு சைலன்சரைத் தூக்கி வந்து வைத்தார். விலை ஆயிரத்து இருநூறு. நகத்தால் சுரண்டினேன். நகமெல்லாம் கறுப்பு.

"நேத்து அடிச்ச பெயிண்டா?"

"துருப் பிடிக்கக் கூடாதுல்ல."

"எந்த வண்டியில கழட்டுனது? ஏன் கழட்டுனாக?"

"இம்புட்டுக் கேள்வி கேக்கீகளே, டீச்சரா?"

ஆயிரத்துக்குப் பேசி முடித்தேன். சாக்கில் சுற்றிக்கொண்டே, "தோட்டம் எங்கன?" என்று கேட்டார்.

"நாரணாபுரம். பட்டாசு ஆபீசுக்குப் பக்கத்துல."

கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார். "இது உங்களுக்கு வேண்டாம் டீச்சர்."

அடேயப்பா, விலையை ஏற்றுகிறார்! ஆயிரத்து இருநூறே தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றார். ஆயிரத்து ஐநூறு? ரெண்டாயிரம் கொடுத்தாலும் கிடையாதாம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "இந்த நாடகமெல்லாம் என்கிட்ட ஆகாது!" என்று கத்தினேன்.

அவர் ஒரு நீளக் கம்பியை எடுத்து சைலன்சரின் ஒரு முனையில் விட்டார். எங்கேயும் தட்டாமல் மறுமுனையில் வந்து நின்றது. உள்ளே இருக்க வேண்டிய தடுப்புத் தகடு ஒன்றுகூட இல்லை.

"சத்தம் கொஞ்சம் அமுங்கும். பொறி நேரா வெளிய வந்துரும்."

"அப்ப எதுக்கு வெல சொன்னீக?"

"காரியாபட்டிப் பக்கம் பருத்திக் காட்டுக்குன்னு நெனச்சேன். அங்கன பொறி மண்ணுலதான விழும்?" துளிகூட வெட்கமில்லை மனிதருக்கு.

"ஏமாத்துறதுக்கும் ஊர் பாக்கீகளோ?"

"எங்க மதினி நாரணாபுரத்து ஆபீசுலதான் பட்டாசுக் குழாய்க்கு மருந்து அடைக்காக" என்றார்.

அதே சைலன்சரை வெட்டி, உள்ளே புதுத் தகடும் பொறியைத் தடுக்கும் கம்பி வலையும் வைத்து, பற்றவைத்துத் தருவதாகச் சொன்னார். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு, நாலு நாளாகும். சரி என்றேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அதுவரைக்கும் வண்டி நிக்குதுல்ல டீச்சர்?"

"நிக்குது" என்றேன்.

பொய். போர்மேன் சொன்னதையும் மீறி, முந்தின சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசில் ஆட்கள் போனபிறகு, சைலன்சரில் தகரத்தைச் சுற்றிக் கட்டிப் பாதித் தோட்டத்தை உழுதிருந்தேன். மீதியை ஊர் திரும்பியதும் சாயங்காலமே உழுதுவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர் சொன்னா நம்ப வேண்டியதுதான்" என்றார். வெட்கத்தில் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிற்பகல் ஒன்றரை, நாரணாபுரம். வீட்டுக்குப் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்து வேலியோரம் போனேன். போர்மேனைக் கூப்பிட்டு நீட்டினேன்.

"என்ன டீச்சர் இது?"

"டிராக்டர் சாவி. நாலு நாளைக்கு நீங்க வச்சுக்கோங்க" என்றேன். "என்கிட்ட இருந்தா ஓட்டிருவேன்."