மொராக்கோ பயணியின் அம்மா

நான் கச்சிராயபாளையத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தபோது, இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து வரவேண்டிய ஆசிரியர்கள் வரவில்லை. பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்த பாவத்துக்கு, எல்லா வகுப்பும் என் தலையில் விழுந்தது.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், கதையாவது சொல்லலாமென்று, மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய அந்தக் காலத்து முஸ்லிம் பயணியை எடுத்தேன். கரும்பலகையில் கோணல்மாணலாக ஒரு வரைபடம். மெக்கா, டெல்லி, நம் மதுரை, சீனா. இளந்தாரியாக வீட்டை விட்டுப் போனவர், திரும்பும்போது தாடி நரைத்திருக்கும் என்றேன்.

"அம்மாம் வருசமா? ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டுட்டாங்களா டீச்சர்?" என்றான் ஒருவன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது நியாயமான காரணமாகவே பட்டது. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சாமை அறுக்கக் கூலிக்குக் கரியாலூர் மலைக்குப் போயிருந்தார். சந்தை நாளுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனவர். சந்தையும் நடக்கவில்லை, அவரும் வரவில்லை, சேதியும் இல்லை.

"திரும்பிப் போயி அவுங்கம்மாவப் பாத்தாரா டீச்சர்?"

பார்க்கவில்லை. அவர் ஊர் திரும்பச் சில மாதம் இருக்கும்போதே அந்த அம்மா கொள்ளைநோயில் இறந்துவிட்டார். பிள்ளைகளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. அந்த முகத்தைப் பார்த்து நிஜத்தையும் சொல்ல வரவில்லை. "மிச்சம் நாளைக்கு" என்று வள்ளென்று விழுந்தேன்.

அவள் விடவில்லை, மறுநாளும் கேட்டாள். வாய்ப்பாடு சொல்லு என்று அதட்டினேன்.

பஸ் ஓடத் தொடங்கும் முன்பே, ஒரு மத்தியானம் அவள் அம்மா தலையில் சாமை மூட்டையோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். காலெல்லாம் சிராய்ப்பு. பெண் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. பிடியை விடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சொல்லுங்க டீச்சர். பாத்தாரா?"

"இல்லம்மா. அவர் போறதுக்குள்ள செத்துட்டாங்க."

"யாரு டீச்சர்?" என்று பதறினார் அம்மா. மகள் ஒரே மூச்சில் சொன்னாள். மொராக்கோ, மதுரை, சீனா, அப்புறம் ரோட்டில் கிடந்த மரம். நான் திருத்த வாயெடுத்தேன்.

"மரந்தான கெடந்துச்சு?" அம்மா மூட்டையை இறக்கி வைத்தார். "ஏறித் தாண்டிக்கினு வரத் தெரியலயா அந்தப் புள்ளைக்கு?"