இரும்பு இல்லை என்று சொன்னேன்

அக்காவின் நினைவு மலரில் அவரைப் பற்றி, படித்தவர்கள் யாராவது எழுதட்டும் என்றுதான் சொன்னேன். நான் வயல் செய்கிறவன். தம்பிதான் எழுத வேண்டும் என்று உறவுகள் எல்லோரும் ஒரே பிடியாக நின்றுவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வன்னியில் முத்தையன்கட்டில் குடியேறிய எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். ஐயா பாம்பு கடித்துக் காலமானபின் அம்மாதான் வயலில் இறங்கி எங்கள் இருவரையும் வளர்த்தார். அக்கா புதுக்குடியிருப்புக்குச் சைக்கிள் மிதித்துப் படித்து மருத்துவபீடம் சென்றார். பின்னர் அணுமருத்துவம் படிக்க வெளிநாடு போனார். நரம்பில் ஏற்றும் சிறிதளவு கதிரியக்க மருந்து உடம்பில் எங்கே போய்த் தங்குகிறது என்று படம் எடுத்து நோயைக் கண்டுபிடிக்கும் துறை அது. ஊரில் கேட்டவர்களுக்கு, படம் பிடிக்கிற டொக்டர் என்று சொல்லிவைத்தேன். "ஓம், சிரிக்கச் சொல்லாமல் பிடிக்கிறனான்" என்பார் அக்கா.

அவர் அங்கே இருந்த காலத்தில்தான் இங்கே கடைசி யுத்தம். ஓடிய ஓட்டத்தில் அம்மாவை இழந்தோம். முகாமிலிருந்து அக்காவுடன் பேசக் கிடைத்தபோது, "அம்மா காய்ச்சலிலதான் போனவா. கஷ்டப்படேல்லை" என்றேன். வேற்று நாட்டில் தனியே இருப்பவருக்கு வேறு என்ன சொல்வது?

அக்கா திரும்பி வந்து பல்கலைக்கழகத்தில் கற்பித்து, மருத்துவப் படிமவியலில் பேராசிரியரானார். மாதம் ஒருமுறை வவுனியாவுக்கு வந்து எங்கள் பக்கத்து நோயாளிகளையும் பார்த்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்குமுன், உடம்பில் இரும்பு ஏதும் இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்பார்கள். அந்த மெஷின் பெரிய காந்தம்; உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது அசைந்து ஆளையே முடக்கிவிடலாம். ஆனாலும் எங்கள் சனம் இல்லை என்றே சொல்லும். ஷெல் வெடித்துத் தெறித்த துண்டு இருக்கிறது என்றால், எங்கே பட்டது, நீ யார் என்று இராணுவத்தின் கேள்வி நீளும் என்ற பயம். ஆகவே வன்னியிலிருந்து வருகிறவர்கள் என்ன சொன்னாலும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எனக்கு முதுகு நோவெடுத்துக் கால் விறைத்தபோது அக்காவே அழைத்துப்போய் அந்தக் கேள்வியைக் கேட்டார். இல்லை என்றேன். துண்டைச் சொன்னால் அம்மாவையும் சொல்ல வேண்டி வரும். அக்கா எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார். முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் நெல்லளவில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

"எப்ப பட்டது?"

நான் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

"தம்பி, உன்னட்டத்தான் கேக்கிறன்."

"அம்மா போன அண்டைக்கு."

"அம்மாவுக்கும் ஷெல்லோ?"

"ஓம் அக்கா."

"காய்ச்சல் எண்டெல்லோ சொன்னனீ" என்றார். எந்த மருந்து கிடைத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பார் என்று அத்தனை வருடமும் யோசித்துக்கொண்டிருந்ததாகப் பல நாள் கழித்துத்தான் சொன்னார். அவர் என்னை ஏசவேயில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கணையத்தில் வந்த நோய் மூன்றே மாதத்தில் அக்காவைக் கொண்டுபோய்விட்டது. இன்று முப்பத்தோராம் நாள். பராமரித்த மருத்துவர்கள், தாதியர், பந்தல் போட்டவர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள் அனைவருக்கும் நன்றி சொல்கிறேன்.

அக்காவின் மாணவி ஒருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அக்காவுக்குக் கடைசியாக ஸ்கான் எடுத்தவர் அவர். உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று தன் பேராசிரியரிடமும் முறைப்படி கேட்டிருக்கிறார். அதற்கு அக்கா சொன்ன பதிலை மரணவீட்டில் என்னிடம் அழுதபடி சொன்னார்.

"என்னட்ட இல்லைப் பிள்ளை. நான் அந்த நேரம் அங்க இருக்கேல்லை."

தம்பி