இரண்டு இதழ்

கணபதிப் பகுதியில் ஒரு பல் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, உடைந்த பல்லுக்கு மேலே மாட்டும் உறையை மெழுகில் செதுக்குவது என் வேலை. கடைவாய்ப் பல்லின் மேல் விரலை வைத்தால் சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்படும். அதைத்தான் லேபில் கஸ்ப் என்போம். கஸ்ப் சரியாக எழும்பாவிட்டால் மெல்ல முடியாது.

என் கணவர் மதுக்கரையிலிருந்து சிமெண்ட் ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அவரைப் பீளமேட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், "உங்க வீட்டுக்காரருக்கு மூணு கஸ்ப் இருக்க வேண்டிய எடத்துல ரெண்டுதான் இருக்கு" என்றார்.

"எந்தப் பல்லுங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தைத் திருப்பி வைத்து வரைந்து காட்டினார். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் மூன்று இதழ்கள் திறந்து மூடுமாம். அந்த இதழுக்கும் கஸ்ப் என்றுதான் பெயர். இவருக்குப் பிறவியிலேயே இரண்டு. இப்போது அவை கெட்டிப்பட்டு வாசல் குறுகிவிட்டது. "கனம் தூக்கக் கூடாது. வால்வை மாத்தணும், தள்ளிப் போடாதீங்க" என்றார்.

மாமியார் மகனின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த ஜோசியரிடம் போனார். நானும் கூடப் போனேன். ஜோசியர் கம்ப்யூட்டரில் கட்டத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, "எட்டாம் பாவத்தோட கஸ்புல சனி நிக்குறாருங்க. தை பொறக்கட்டும், அப்புறம் கத்தி வெச்சுக்கலாம்" என்றார். ஜாதகத்தில் ஒரு பாவம், அதாவது ஒரு வீடு, தொடங்கும் முனையை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். எட்டாவது வீடு ஆயுளுக்கானதாம்; டாக்டர் வாயில் கேட்ட அதே வார்த்தை இங்கேயும் வந்தது.

வீட்டில் நான் சண்டை போட்டேன். "ஏனுங்க, டாக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல? இந்த மாசமே பண்ணிப்போடலாங்க."

"தை வரைக்குந்தான அம்மணி? அதுக்குள்ள என்ன ஆயிரப் போகுது" என்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. நெஞ்சைப் பிளப்பார்கள் என்ற பயம் அவருக்கு. ஜோசியர் அதற்கு ஒரு நல்ல காரணம் கொடுத்துவிட்டார். இவர் லாரி ஓட்டுவதையும் விடவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், பாலக்காட்டு ரோட்டில் பஞ்சரான டயரைக் கழற்றித் தூக்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். கூட வந்த டிரைவர் லேபுக்குப் போன் செய்து, "அக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த மாமியார், "நானே கொன்னுபோட்டனா கண்ணு?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அதன்பிறகு நாங்கள் இருவரும் தேவைக்கு மட்டுமே பேசினோம்.

இது பரம்பரையாக வரலாம், பிள்ளைக்கும் பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இஞ்சினியரிங் படிக்கும் மகளைக் கூட்டிப் போனேன். அவளுக்கும் இரண்டுதான். ஆனால் நன்றாக வேலை செய்கிறது, வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்தால் போதும் என்றார்கள்.

திரும்பி வரும்போது அவள்தான் வண்டி ஓட்டினாள். "எங்க கணக்குலயும் இந்த வார்த்த வருதும்மா" என்றாள். "ஒரு கோடு ஓடி வந்து, கூரா ஒரு முனையத் தொட்டு, அப்படியே திரும்பிரும். அந்த முனைதான் கஸ்ப்." குரல் நடுங்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலிலேயே மாமியார் காத்திருந்தார். "எத்தனைங்கறாங்க?" என்றார்.

"ரெண்டுதாங்க அத்தை."

அவர் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒன்னுமில்லீங்க ஆத்தா, நல்லாத்தான் இருக்கேன்" என்று மகள்தான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.