நான்கு மாதம் இளைய அக்கா

பள்ளிச் சான்றிதழின்படி என் அத்தை, அப்பாவைவிட நான்கு மாதம் இளையவள். உண்மையில் அவள் அப்பாவுக்கு இரண்டு வயது மூத்த அக்கா. தாத்தா இருவரையும் ஒரே நாளில் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனபோது, தலைமையாசிரியர் தமக்குத் தோன்றிய இரண்டு தேதிகளை எழுதிக்கொண்டார். ஒரே தாய்க்கு நான்கு மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பிறக்க முடியுமா என்று அவரும் யோசிக்கவில்லை, தாத்தாவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இது வெறும் சிரிப்புக்குரிய சங்கதியாகத்தான் இருந்தது, எனக்கு ஒன்பது வயதாகும்வரை.

அத்தை குத்துச்சண்டைக்காரி. அதற்கும் அப்பாதான் காரணம். சிறுவயதில் நோஞ்சானாக இருந்த அவரை, உடம்பு தேறட்டும் என்று குத்துச்சண்டை வகுப்புக்கு அனுப்பினார்கள். துணைக்கு அக்கா போனாள். மூன்றாம் மாதம் மூக்கில் ஒரு குத்து வாங்கியதும் அப்பா நின்றுவிட்டார். துணைக்குப் போனவள் நிற்கவில்லை.

அந்த நாளில் எங்கள் பக்கத்தில் பெண்களுக்குப் போட்டியே கிடையாது. அதனால் அத்தை பயிற்சி மட்டும் செய்தாள். விடிந்ததும் ஸ்ரீரங்கம் வீட்டிலிருந்து காவிரிப் பாலம் வரை ஓடிவிட்டு வருவாள். பிறகு தில்லை நகர் ஸ்கேன் சென்டரில் வேலை. மாலையில் மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிட்ட மணல் மூட்டையோடு ஒரு மணி நேரம். “யார் மேலம்மா இவ்வளவு கோவம்?” என்று பக்கத்து மாடியிலிருந்து கேட்பார்கள். “யார் மேலயும் இல்லீங்க” என்று சிரித்துவிட்டு அடுத்த குத்தை விடுவாள். இருபது வருடங்களுக்கு மேல் இப்படி. போட்டி என்று ஒன்று வருமா என்றே தெரியாமல் ஒருத்தி அத்தனை காலம் தயாராக இருந்தாள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஒருவழியாகத் திருச்சியில் பெண்களுக்கான போட்டி ஒன்றை அறிவித்தார்கள். நாற்பது வயது கடந்தவர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. அத்தைக்கு அப்போது நாற்பத்தொன்று. சான்றிதழில் முப்பத்தொன்பது. அத்தை இரண்டு நாள் தயங்கினாள். மூன்றாம் நாள் அப்பாவே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

போட்டியன்று நானும் கூடப் போனேன். அத்தையின் எடைப் பிரிவில் இரண்டே பேர்தான். இன்னொருத்தி துறையூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவி; பத்தொன்பது வயது. முதலில் மருத்துவப் பரிசோதனை. டாக்டரம்மா அத்தையின் நாடியைப் பார்த்துவிட்டு, “காலேஜ் பொண்ணு மாதிரி இருக்குங்க” என்று பாராட்டினார். அத்தையின் அடையாள அட்டையும், உதவியாளராக வந்திருந்த அப்பாவின் அட்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. டாக்டரம்மா என்னைப் பார்த்து, “பாப்பா, இவங்க உனக்கு யாரு?” என்றார்.

“எங்க அத்தை. அப்பாவோட அக்கா” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி நாலு மாசம் பெரியவரா இருக்காரே?”

“பாப்பா தெரியாம சொல்லுதுங்க. இவ எனக்குத் தங்கச்சி” என்றார் அப்பா அவசரமாக.

“நாலு மாசத்துல எப்படிங்க தங்கச்சி?”

போட்டி நடத்துபவர் குறுக்கிட்டார். “பேப்பர்ல இருக்கறதுதான் எங்களுக்கு வயசு. விடுங்க டாக்டர்.” ஆனால் டாக்டரம்மா விடவில்லை. அப்பா என் தோளைப் பிடித்தார். “நீயே சொல்லு கண்ணு, அத்தை எனக்கு யாரு?” அப்பாவின் முகத்தை அப்படி ஒரு கெஞ்சலோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “தங்க…” என்று தொடங்கினேன்.

துணிப்பட்டை சுற்றிய கை ஒன்று என் தலைமேல் விழுந்தது. “விடுடா. பிள்ளைய எதுக்கு இதுல இழுக்கற?” என்ற அத்தை, டாக்டர் பக்கம் திரும்பினாள். “எனக்கு நாப்பத்தொண்ணு முடிஞ்சிருச்சுங்க.”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “உடம்பு நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் தேதியப் பார்த்து எதுக்குங்க நிறுத்தணும்? போட்டி வர்றதுக்கே இருபது வருஷம் காத்துக்கிட்டிருந்தாங்க. அது அவங்க தப்பா?”

“தப்பு இல்லீங்க. ஆனா தலையில விழற அடி என்ன பண்ணும்னு நாடி சொல்லாது” என்றார் டாக்டரம்மா. நாள்தோறும் ஸ்கேன் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை ஆமென்று தலையசைத்தாள்.

நான் சுவரோரம் போய் நின்று அழுதேன். இருபது வருடத்தை ஒரே வார்த்தையில் கெடுத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்குப் புரிந்திருந்தது.

அப்போது துறையூர்ப் பெண் வந்தாள். “சும்மா கிடைக்கிற மெடல் எனக்கு வேணாங்க்கா. ஒரு தடவை ஆடிப் பார்ப்போமே” என்றாள். ஏதேதோ பேசி முடிவாயிற்று: தலைக்கவசத்தோடு மூன்று சிறு சுற்றுகள், புள்ளி கிடையாது, வெற்றி தோல்வி கிடையாது. டாக்டரம்மா மேடையை ஒட்டியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் சுற்றில் அந்தப் பெண்ணால் அத்தையைத் தொடவே முடியவில்லை. அவள் குத்திய இடத்தில் அத்தை இல்லை. அவள் எதிர்பாராத பக்கத்திலிருந்து அத்தையின் கை வந்துகொண்டிருந்தது. இரண்டாம் சுற்றில், டீ குடிக்கப் போனவர்களெல்லாம் திரும்பி வந்து நின்றார்கள். மணல் மூட்டையோடு கழிந்த மாலைகளையெல்லாம் அத்தை மொத்தமாக அன்று அவிழ்த்துக் கொட்டினாள். யாரோ விசில் அடித்தார்கள். நான் அழுகையை நிறுத்திவிட்டு நாற்காலிமேல் ஏறிக் கத்தினேன்.

மூன்றாம் சுற்றின் முடிவில் அந்தப் பெண்ணின் வலது கை நேராக வந்து அத்தையின் நெற்றியில் விழுந்தது. அத்தை ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு சிரித்தாள். மணி அடித்தது. அரங்கமே கை தட்டியது. அந்தப் பெண் அத்தையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் நான் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். அப்பா விதியையும் அதை எழுதியவர்களையும் திட்டிக்கொண்டே வந்தார். “இன்னும் அஞ்சு வருஷம் ஆடலாம் நீ. மனு எழுதிப் போடறேன்” என்றார்.

“வேணாம்டா” என்றாள் அத்தை. “கடைசியா ஒண்ணு வாங்கினேன்ல? அது வர்றது நல்லாத் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு தோள் அசையறப்பவே தெரிஞ்சுது. தலைய நகர்த்தணும்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கறதுக்குள்ள வந்துருச்சு.”

வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோல, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாள்.

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் அத்தை ஏமாந்துபோய் அடி வாங்கவில்லை! “தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டீங்களா அத்தை?” என்றேன்.

“ஆமா கண்ணு, தெரிஞ்சுதான்” என்று என்னை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

நான் பெருமையோடு அப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் திட்டுவதை நிறுத்தியிருந்தார். எனக்கு மேலாகக் கையை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். காவிரிப் பாலம் முடியும்வரை அதை விடவில்லை. இவ்வளவு நல்ல சேதியைக் கேட்டும் அப்பா ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்தபடியே நான் தூங்கிப்போனேன்.