கையில் வைத்த சீனி

ரத்தத்தில் சீனி பார்க்க ஹட்டனில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்காவது தெரிய வேண்டுமென்றால், என் காம்பிராக் கதவைத்தான் காட்டிவிடுகிறார்கள். நான் உடனே காசைச் சொல்வதில்லை. காலையில் தேத்தண்ணி எப்படிக் குடிப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒருநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. விழவில்லை. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அடுத்த காம்பிராக்காரி பார்த்துவிட்டாள்.

"அக்கா, இது சீனி வருத்தந்தான். எங்க மாமியாருக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சுச்சு."

"இப்ப எப்பிடி இருக்காங்க?"

"செத்துப் போயிட்டாங்க. அது வேற வருத்தம்."

வேறு நோய் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை. என் அம்மாவுக்குச் சீனியால்தான் ஒரு காலை எடுத்தார்கள். ஒற்றைக் காலோடு மலை ஏற முடியாது. ஏறாதவளுக்குத் தோட்டத்தில் அன்றைய கூலிக்குப் பேர் போடமாட்டார்கள். என் கணவர் தோட்டத்து ஆள் இல்லை, ஹட்டனில் மரக்கறிக் கடையில் மூட்டை தூக்குகிறவர். எனக்குப் பேர் இல்லையென்றால் தோட்டம் கொடுத்த இந்தக் காம்பிராவில் எங்களை விட்டுவைப்பார்களா? படுத்தால் என் யோசனை அங்கே போய்த்தான் நிற்கும்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவிடம் போனேன். "வெறும் வயித்துல போய் சீனி டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. ராத்திரி சாப்பிடுறதோட சரி. காலையில ஒன்னும் சாப்பிடக் கூடாது" என்றார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. ஆனால் அந்த வாரம் அங்கே அதற்கான சாமான் முடிந்துவிட்டது, வெளியே எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். வெளியே என்றால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள லேப். கண்ணாடியில் முந்நூற்றைம்பது ரூபாய் என்று ஒட்டியிருந்தது. போகவர பஸ் காசு தனி. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போகாததால் அன்றைக்குப் பேரும் இல்லை. அதைக் கண்ணாடியில் ஒட்டவில்லை.

சொன்னபடியே செய்தேன். கணவருக்கு ரொட்டி சுட்டு வைத்தேன், ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்தேன். நாங்கள் தேத்தண்ணியில் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு. சீனி விற்கிற விலைக்கு அதுதான் கட்டும். ஹட்டனில் இறங்கியதும் குளிருக்கும் பயத்துக்குமாகக் கடையில் இன்னொன்று குடித்தேன். கடைக்காரர் தாராளமான ஆள், கரண்டி நிறையச் சீனியைக் கையில் கொட்டினார்.

லேப்பில் இருந்தது ஒரு சிங்களப் பிள்ளை. "அம்மா, காலையில சாப்பாடு சாப்பிட்டதா?" என்று கேட்டது.

"இல்லம்மா. ஒன்னுமே சாப்பிடல."

அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பகலில் முடிவு எழுதிய துண்டு கிடைத்தது. ஏழாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எண் வாசிக்கத் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தது. நல்ல செய்திக்கு யாரும் நட்சத்திரம் போடமாட்டார்கள் என்று தோன்றியது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தக் காலை எடுப்பார்கள் என்று யோசித்தேன். இடது கால் என்றால் பரவாயில்லை. எப்படியும் அந்த முழங்காலில்தான் வலி.

கணவரிடம் சொன்னேன். துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்கு அதில் என்ன தெரிந்ததோ.

"அப்ப இனி சீனி போத்தல் முழுசும் எனக்குத்தான்" என்றார்.

அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் வேலை விட்டதும் டிஸ்பென்சரிக்குப் போனேன். ஐயா துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அளவுக்குக் கொஞ்சம் மேல இருக்கு. காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"சத்தியமா இல்லைங்க ஐயா."

"தேத்தண்ணி?"

"அது குடிச்சேங்க."

"சீனி போட்டா?"

"போடலைங்க. கையில வச்சு நக்கினேன்."

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கையில வச்ச சீனி எங்கம்மா போகும்?"

தேத்தண்ணி குடிப்பதைச் சாப்பாடு என்று எங்கள் தோட்டத்தில் யாரும் சொன்னதில்லை. பச்சைத் தண்ணியைத் தவிர எதுவும் தொடாமல் திரும்பவும் போய் எடுக்கும்படி ஐயா சொன்னார். திரும்பவும் என்றால் லேப் காசு, பஸ் காசு, ஒரு நாள் பேர், எல்லாம் திரும்பவும்.

இரண்டாம் தடவை போனபோது தேத்தண்ணி இல்லாமல் தலை பிளந்தது. அதுவும் சீனியால்தானோ என்று வழியெல்லாம் பயந்தேன். லேப் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு அம்மா ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலையில ஒன்னும் சாப்பிடலையாம்மா?"

"மூச். வெறும் தேத்தண்ணி மட்டுந்தான்."

"சீனி?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, இத நான் காசு கட்டுறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதா?"

எழுந்துபோய் அந்தப் பிள்ளையிடம் சிங்களத்தில் என்னவோ பேசினார். நாளைக்கு அதே ரசீதோடு வரலாம் என்று விட்டுவிட்டார்களாம். போகும்போது என்னை முறைத்துவிட்டுத்தான் போனார்.

இந்தத் தடவை துண்டில் நட்சத்திரம் இல்லை. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இல்லை. வீட்டில் கணவர் கேட்டார்:

"ஒன்னுமே இல்லைன்னு சொல்றதுக்கா ரெண்டு தடவ காசு வாங்கினாங்க?"

"முதத் தடவ இருக்குன்னுதானே சொன்னாங்க."

"அப்ப அந்தக் காசாச்சும் நியாயம்" என்றார்.

ஐயாவும் சீனி இல்லை என்று சொன்னார். கால் இரண்டும் எனக்குத்தான் என்று தெரிந்தது. ஆனால் ஒரு நிமிஷம்கூட நிம்மதியாக உட்கார முடியவில்லை. சீனி இல்லையென்றால் தலை எதற்குச் சுற்றியது?

ஐயாவிடமே கேட்டேன். அவர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ரத்தம் குறைவா இருக்கும் போல. அதுக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு. எடுத்துப் பாத்துருவோமா?"

"அதுக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாங்களா ஐயா?"

"குடிக்கலாம்."

"சீனியோட?"

"சீனியோட."

அதற்குப் பிறகுதான் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.