ஆன்ட்டிக்கு ஒரு ப்ராசஸர்

போன வாரம் என் மனைவியை டீமிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஆபீஸ் டீம் இல்லை. ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப் பிரிவில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிவிட்டு விருப்ப ஓய்வில் வந்தபோது, சுகந்திக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு கொடுத்து மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். இது வேறு டீம். கம்ப்யூட்டரில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு தீவில் இறங்கி, எதிரே வருகிறவர்களையெல்லாம் சுடுகிற டீம். கேளம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே உருவானது. கேப்டன், மூன்றாவது மாடி தர்ஷினி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. டீமில் ஐம்பதைத் தாண்டியவர் ஒருவர்தான். அவர் என் வீட்டில் இருக்கிறார்.

செய்தியைச் சொல்ல தர்ஷினி நேரிலேயே வந்தாள். அந்த நாகரிகத்தைப் பாராட்ட வேண்டும்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லாத்தான் ஆடுறீங்க. உங்க சிஸ்டம்தான் செம லேக்கு. நாங்க அல்லாரும் கதவாண்ட போயிட்டோம், நீங்க இன்னும் படிக்கட்லயே நின்னுகினு கீறீங்க."

லேக் என்றால்? நான் அப்பாவியாகக் கேட்டேன்.

"இப்ப ஒண்ணு சொன்னா ரொம்ப நேரம் கழிச்சு அசையறது" என்றாள் சுகந்தி. "உங்களுக்குப் புரியும்."

தர்ஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். "சிஸ்டத்த மாத்திட்டீங்கன்னா ஞாயித்துக்கெழம ஒரு ட்ரையல் ஆடலாம் ஆன்ட்டி. ஓகேன்னா உங்க எடம் உங்களுக்குத்தான். இல்லாங்காட்டி நாலாவது மாடி பிரவீணா ரெடியா கீறா."

பிரவீணாவாம்! அன்று மாலை காபி டம்ளர் என் முன்னால் வந்து இறங்கிய சத்தத்திலேயே தெரிந்துவிட்டது — இது விளையாட்டு விஷயமில்லை. ஓய்வு பெற்றபின் வெளியில் நாலு பேர் அவளை எதிர்பார்த்துக் காத்திருக்கிற இடம் இது ஒன்றுதான். காத்திருக்கிற இடம் ஒரு தீவாக இருந்தால் என்ன, கணக்குப் பிரிவாக இருந்தால் என்ன?

"கம்ப்யூட்டரோட மூளை… ப்ராசஸர்தானே மாத்தணும்? நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

வாழ்க்கையில் நான் இப்படிச் சொன்ன எதையும் நான் பார்த்துக்கொண்டதில்லை. இருந்தாலும் ஆரம்பித்தேன்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் கல்லெறிந்தால் அது ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் மீதுதான் விழும். அவர் அந்தக் கல்லுக்கு ரிவ்யூ எழுதுவார். ஆகவே ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பக்கத்து ஃப்ளாட் கார்த்தியிடம் லிஃப்டில் கேட்டேன். சிறுசேரியில் வேலை. ஒரு ப்ராசஸர் கம்பெனியின் பெயரைச் சொல்லி, அதைத் தவிர வேறெதையும் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள் என்றார். அதே லிஃப்டில் ஐந்தாவது மாடி ஸ்டீபனும் இருந்தார் என்பதுதான் என் ஜாதகம்.

"அதுவா? சம்மர்ல அது மேலயே ஆம்லெட் போட்டுக்கலாம் சார்" என்றார் ஸ்டீபன், எதிர்க் கம்பெனியின் ரசிகர்.

"பரவால்ல, நம்மளுது ஆம்லெட்டாவது போடும். உங்களுது இன்னும் முட்டையையே உடைக்கலையே மச்சான்!" — இது கார்த்தி.

லிஃப்ட் கீழே வந்து, மறுபடி மேலே போய், மறுபடி கீழே வந்தது. என்னால் இறங்க முடியவில்லை.

ஆனால் கார்த்தி ஒரு நல்ல விளக்கம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டில் சுங்கச்சாவடி எப்படி இருக்கும்? ப்ராசஸருக்குள் இருக்கிற கோர் என்பது அங்கே திறந்திருக்கிற கவுன்ட்டர் மாதிரி. பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்ய நிறைய கவுன்ட்டர் வேண்டும். ஆனால் கேம் என்பது அவசரமாகப் போகிற ஒற்றைக் கார். எத்தனை கவுன்ட்டர் திறந்தாலும் அந்தக் கார் ஒன்றில்தான் நுழைய முடியும். அந்த ஒன்றில் இருப்பவர் சுறுசுறுப்பாக இருக்க வேண்டும்.

"அப்ப எது வாங்கலாம்?"

"நான் வெச்சிருக்கேனே, அதையே வாங்குங்க சார்."

ஸ்டீபனும் தனியாகப் பிடித்து இதையேதான் சொன்னார் — தான் வைத்திருப்பதை வாங்கச் சொல்லி. பிறகு விசாரித்த எல்லோரும் அப்படியே. ஸ்கூல், டாக்டர், சமையல் எண்ணெய்… எதைக் கேட்டாலும் இதுதானே நடக்கிறது? யாரும் எனக்கு ப்ராசஸர் சிபாரிசு செய்யவில்லை. தாங்கள் ஏமாறவில்லை என்பதைத் தங்களுக்கே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார்கள். அதற்கு நான் ஒரு சாக்கு.

சனிக்கிழமை, திருப்போரூர் வழியாக செங்கல்பட்டுக்குக் கிளம்பினோம். சுகந்தியின் பழைய ஆபீஸ்காரர்கள் வழக்கமாக வாங்குகிற கடை. கடைக்காரர் என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"வாங்க சார். இன்னா, பையனுக்கா?"

"எனக்கு" என்றாள் சுகந்தி.

அவர் நல்ல வியாபாரி. உடனே நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். "உக்காருங்க மேடம். கேமிங்கா, மல்ட்டி டாஸ்க்கிங்கா?"

"ரெண்டும்."

"மல்ட்டி டாஸ்க்கிங்குன்னா… இன்னா இன்னா ஓடும்?"

"ஒரு பக்கம் கேம். டீமோட பேசணும். ஓரத்துல சின்னதா சீரியல் ஓடிட்டிருக்கும். அப்புறம் இவரோட கட்டுரை ஒண்ணு எப்பவும் திறந்தே இருக்கும்."

"சார் எழுதுவாரா?" கடைக்காரர் என்னைப் பரிவோடு பார்த்தார். "அதுக்கு ப்ராசஸர் ஒண்ணும் பண்ணாது மேடம்."

பிறகு அவர் விலையில் உச்சியில் இருக்கும் ஒரு ப்ராசஸரை எடுத்து வைத்தார். பெட்டியே கல்யாண நகைப்பெட்டி மாதிரி இருந்தது. "இத்த போட்டீங்கன்னா பத்து வருசத்துக்கு பேஜாரே இல்ல."

எனக்கு ஆசைதான். விலை உயர்ந்த ஒன்றைப் பார்த்தால் நமக்கு அது தேவைதானோ என்று ஒரு சந்தேகம் வருமே… ஆனால் அடிமட்டத்தைக் கேட்க வெட்கம், உச்சியைக் கேட்க பயம் — நம்மைப் போன்றவர்களுக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட சொல் மிட்-ரேஞ்ச். ஓட்டலில் மெனு கார்டை வாங்கி நாம் விரலை வைப்பது எங்கே? நடுவில்தானே?

சுகந்திக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. "இவ்ளோ கோர் எனக்கு எதுக்கு? ஆறு போதும். மிச்சத்தை கிராஃபிக்ஸ் கார்டுல போட்டா கேம் நல்லா ஓடும். சரிதானே?"

"மேடம், எல்லாம் படிச்சுட்டே வந்துகிறீங்க" என்று அந்த நகைப்பெட்டியை உள்ளே வைத்தார். "வண்ண வண்ணமா லைட் எரியற ஃபேனாவது போடட்டுமா?"

"எதிரி என்னைப் பார்க்கிறதுக்கா?"

ப்ராசஸர் முடிவானது. அது கார்த்தியினுடையதும் இல்லை, ஸ்டீபனுடையதும் இல்லை. ஆனால் புது ப்ராசஸர் பழைய மதர்போர்டில் உட்காராதாம். புது போர்டில் பழைய ரேம் உட்காராதாம். அந்த கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பழைய பவர் சப்ளை தாங்காதாம். ஒன்றை மாற்றப் போய், கடைசியில் பழையது என்று மிஞ்சியது வெளிப்பெட்டியும் நானும்.

ஞாயிற்றுக்கிழமை ட்ரையல்.

கம்ப்யூட்டர் சத்தமே போடவில்லை. ஓரத்தில் சீரியல் மாமியார் தங்குதடையின்றி சதி செய்தார். என் கட்டுரை திறந்திருந்தது. சுகந்தி தீவில் இறங்கினாள், ஓடினாள், மற்றவர்களோடு கூடவே கதவருகே போய் நின்றாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒருவன் வந்தான். அடுத்த கணம் ஒரு பெரிய வெடிச்சத்தம். திரை சிவந்தது. முதலில் காலியானது சுகந்திதான்.

ஸ்பீக்கரில் தர்ஷினியின் குரல்.

"ஆன்ட்டி… இன்னா ஆச்சு? இன்னும் லேக்கா?"

இதுவரை எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பழைய கம்ப்யூட்டர் எல்லாப் பழியையும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டது. நான் குனிந்து அவள் காதில் சொன்னேன்: "கரண்ட் ஏறி இறங்குதுன்னு சொல்லிடு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மைக்கை வாயருகே இழுத்தாள்.

"லேக் எல்லாம் இல்லம்மா. சிஸ்டம் சூப்பரா இருக்கு. நான்தான் அவனப் பார்த்து பயந்துட்டேன். குண்டை அவன் மேல போடாம என் கால் மேலயே போட்டுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. கேப்டனின் தீர்ப்புக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதானா?" என்றாள் தர்ஷினி. "பயத்துக்கு பிராக்டிஸ் பண்ணிக்கலாம் ஆன்ட்டி. லேக்குக்குத்தான் பிராக்டிஸ் கெடையாது. நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துருங்க. லேட் பண்ணாதீங்க, கேப்டன் திட்டுவேன்."

சுகந்தி மைக்கை மெதுவாக ஒதுக்கி வைத்தாள். குத்துவிளக்கு வாங்கிய அன்றுகூட அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நல்ல ப்ராசஸர் வாங்குவதில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாம் வேகமாகிவிட்ட பிறகு, தப்பு யாருடையது என்பதும் வேகமாகவே தெரிந்துவிடுகிறது. சுகந்தி அதை நேராக எடுத்துக்கொண்டாள். நான்?

இதோ, இந்தக் கட்டுரை எங்கே என்று கேட்டு ஆசிரியர் போன் செய்கிறார். "என்ன சார், மறுபடியும் கம்ப்யூட்டர் ஹேங்கா?"

சுகந்தி பக்கத்திலேயே நிற்கிறாள். "இல்லை சார்" என்றேன். "கம்ப்யூட்டர் பிரமாதமாக இருக்கிறது."

ஆசிரியர் கவலையோடு கேட்டார்: "அப்ப… உடம்பு சரியில்லையா சார்?"